ஆற்றங்கரையில் ஐந்து நாற்காலிகள்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் பிடித்த மீனெல்லாம் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு சாண் வளரும். என் முழங்கால் அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரம் நடந்தது. என் வாயில் அது ஒன்பது மணி நேரம். எங்கள் ஊரில், அயோவாவில், நான் சொல்வதை நம்புகிற ஜீவன் ஒன்றுகூட இல்லை, கட்டிய கணவன் உட்பட.

ஆனால் இந்த ஒரு கதையை நான் குறைத்துத்தான் சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். சாட்சி வேண்டுமென்றால் என் கணவன் வெண்டலின் இடது மணிக்கட்டைப் பாருங்கள். சுட்ட தழும்பு. நாலு விரல் பதிந்திருக்கும். கட்டை விரல் மட்டும் இருக்காது. அது ஏன் இல்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

என் பெயர் ஆர்லீட்டா. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் ஓட்டினேன். இரண்டு பழக்கம் இன்னும் விடவில்லை. ஒன்று, கண்ணாடியில் பார்த்துத் தலை எண்ணுவது. இன்னொன்று, குரல். என் பஸ்ஸில் அவரவர் சீட்டில்தான் அவரவர். மாறி உட்கார்ந்தால் ஒரு சத்தம் போடுவேன். அந்தச் சத்தத்துக்கு மூன்று பண்ணை தள்ளி மேய்கிற மாடுகூட வரிசையில் நிற்கும். தினமும் ஐம்பத்தாறு பிள்ளைகளை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டேன். எங்கள் வீட்டில் இறங்க மட்டும் ஒன்று இல்லை. அதைப் பற்றி நானும் வெண்டலும் பேசி முடித்து ரொம்ப காலம் ஆயிற்று.

ஓய்வு பெற்றதும் முப்பத்து நாலு அடி நீள வீட்டு வண்டி ஒன்று வாங்கினோம். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. பெயர் திமிங்கலம். ஓட்டுவது நான். வரைபடத்தை வைத்துக்கொண்டு தப்பான வழி சொல்வது வெண்டல். என்னைக் "கேப்டன்" என்றுதான் கூப்பிடுவான். கோபம் வந்தாலும் கேப்டன், கொஞ்சல் வந்தாலும் கேப்டன்.

அந்த வருஷம் ஜூலை நான்காம் தேதி மதியம், தெற்கு டகோட்டாவில் மிசௌரி ஆற்றங்கரையில் கட்லர் பெண்ட் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தோம். ராத்திரி வாணவேடிக்கை. ஆற்றின் நடுவே மணல் திட்டில் வாணக் குழாய்களை நட்டுவைத்து, ஊர்த் தீயணைப்புப் படையே வாணம் விடும். நூறு மைல் சுற்றளவில் இதை அடிக்க ஒன்றில்லை என்று கேள்வி.

வீட்டு வண்டிகள் தங்குகிற முகாமில் கிடைத்தது கடைசி இடம். இரண்டு மரங்களுக்கு நடுவே பின்பக்கமாக நுழைக்க வேண்டும். வெண்டல் இறங்கி நின்று கை ஆட்ட ஆரம்பித்தான்.

"இடது, இடது, ஐயோ, உன் இடது இல்ல கேப்டன், என் இடது!"

குட்டி வண்டியில் ஒரு பெரியவர் வந்து நின்றார். முகாமைப் பார்த்துக்கொள்கிறவர். பெயர் ஹார்லன். ஒரு காது, காய்ந்த ஆப்பிள் துண்டு மாதிரி சுருங்கியிருந்தது.

"ஐயா, கைய இறக்குங்க. விமானமா இறக்கறீங்க? அந்தம்மா கண்ணாடியப் பாத்தே விட்டுருவாங்க. நீங்கதான் நடுவுல நின்னு சாகப் போறீங்க."

ஒரே மூச்சில் உள்ளே விட்டேன். ஹார்லன் கைதட்டினார். சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து, மேசைமேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, அது எந்தப் பக்கமும் சாயாத வரைக்கும் குனிந்து நிமிர்ந்து சரிசெய்து கொடுத்தார். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துப்போயிற்று.

"கட்டில்லேர்ந்து உருளாம நாங்க தூங்கி ஒரு வாரமாச்சு" என்றேன்.

"அது பலகை தப்பும்மா. ஐயா மேல பழி போடாதீங்க."

"நான் எங்க போட்டேன்?"

"பாக்கறீங்களே அவரை. அதுவே பழிதான்."

அலுவலகக் குடிசை வாசலில் ஐஸ் பெட்டி நின்றது. "எலுமிச்சை ஜூஸுக்கு ஒரு பை ஐஸ் குடுங்க" என்றேன். அப்போதுதான் கவனித்தேன். பெட்டியைச் சுற்றிச் சங்கிலி. பூட்டு.

சிரித்துக்கொண்டிருந்த முகம் அணைந்தது.

"இன்னிக்கு மட்டும் விக்கறதில்லம்மா. நாளைக்கு வாங்க. ரெண்டு பை ஓசியிலயே தர்றேன்."

"ஊரு உலகமெல்லாம் இன்னிக்குத்தானே ஐஸ் வாங்குது?"

"தெரியும்."

வேடிக்கைக்கு வருவீர்களா என்று கேட்டேன். ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு தன் ட்ரெய்லர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதாகச் சொன்னார். குட்டி வண்டியைக் கிளப்பினவர் திரும்பிப் பார்த்தார்.

"கரையில முன்னாடி பச்சை வெள்ளைப் பட்டை போட்ட நாற்காலி வரிசை ஒண்ணு இருக்கும். அதுல உக்காந்துடாதீங்க."

"ஏன்?"

"ஆள் இருக்கு."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கமெல்லாம் வழக்கம்தான். ஊர்வலமோ வேடிக்கையோ, காலையிலேயே கொண்டுபோய் மடக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். காவல் தேவையில்லை. சர்ச்சில் உண்டியலை உடைக்கிறவன்கூட அடுத்தவன் நாற்காலியைத் தொடமாட்டான். ஆள் பிறகு வருவார். அதுவரை நாற்காலிதான் ஆள்.

சாயங்காலம் கரைக்குப் போனோம். சோளம் சுடுகிற புகை. ஈ மொய்க்க இடமில்லாத கூட்டம். புல்சரிவு முழுக்க நாற்காலியும் போர்வையும். ஆனால் சரிவின் அடியில், தண்ணீருக்குப் பக்கத்தில், அருமையான இடத்தில்...

ஐந்து நாற்காலிகள். அலுமினியக் கால். பச்சை வெள்ளை நைலான் பட்டை. என் கல்யாணத்தின்போது எல்லார் வீட்டிலும் இருந்த மாதிரி.

சுற்றிலும் வட்டமாக வெறும் புல். மேலே ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. கீழே அவ்வளவு இடம் சும்மா கிடந்தது. ஒரு பந்து உருண்டு அந்த வட்டத்துக்குள் போய் நின்றது. பந்துக்குச் சொந்தக்காரச் சிறுமி விளிம்பு வரை ஓடினாள். நின்றாள். திரும்பிப் போய்விட்டாள். அழவும் இல்லை.

பக்கத்தில் செர்ரிப் பழ கேக் விற்றுக்கொண்டிருந்தாள் வெல்டா என்ற பெண்மணி. "யாரு போட்டது இந்த நாற்காலி?" என்று கேட்டேன்.

"தீயணைப்புக்காரங்களா இருக்கும்."

வரிசையில் நின்ற தீயணைப்பு இளைஞன் தலையை ஆட்டினான். "நாங்க இல்லக்கா. சர்ச்சுலதான் போடறாங்க."

"சர்ச்சுலயா?" என்றாள் வெல்டா. "சர்ச்சு சாவியே எங்கிட்டதான்டா இருக்கு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் எனக்கு ஒரு துண்டு பெரிதாகவே வெட்டிக் கொடுத்தாள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாலு நாற்காலியில் பட்டை கீழே தொய்ந்திருந்தது, ஆள் உட்கார்ந்திருப்பதுபோல. ஐந்தாவது மட்டும் விறைப்பாக இருந்தது.

நாங்கள் மேலே ஒரு மூலையில் நாற்காலி போட்டோம். வெண்டல் உட்கார்ந்த மறு நொடி அவனுடைய நாற்காலி கிழிந்தது. நான் கூட்டிச் சொல்வதாக நினைக்காதீர்கள். பூமி அதிர்ந்து மூன்று மாவட்டத்தில் நாய் குரைத்தது. உருளைக்கிழங்கு சாலட் அவன் மடியில். பக்கத்துக் குடும்பமே எழுந்து நின்று மரியாதை செய்தது.

"முதுகெலும்பு வாலு போச்சு, கேப்டன்."

"உனக்கு ஏது வாலு? போ. பெட்ரோல் பங்க்ல ஐஸ் விப்பான். வலிக்கும் ஆச்சு, ஜூஸுக்கும் ஆச்சு."

அனுப்பியது நான்தான்.

அவன் திரும்பி வரும்போது மங்கலாகியிருந்தது. கூட்டத்தில் எவனோ இடித்துப் பை வாயில் கிழிந்திருந்தது. என் தலைமுடியைக் கட்டியிருந்த பச்சை ரப்பர் பேண்டைக் கழற்றினேன். வெள்ளை பிளாஸ்டிக் பூ வைத்தது, பஸ் ஓட்டிய காலத்துப் பொருள். அதை வைத்துப் பையை முறுக்கிக் கட்டினேன். வெண்டல் தன் காதுக் கருவி இரண்டையும் கழற்றி என்னிடம் கொடுத்தான். வெடிச் சத்தம் அதில் ஊசி குத்துவதுபோல இருக்குமாம். கருவி இல்லாவிட்டால் அவன் காதில் பீரங்கி வெடித்தாலும் கொசுதான். அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு அவன் ஐஸ் பையோடு கீழே இறங்கினான்.

"எங்க போற? ஆள் இருக்குன்னு சொன்னாரே!"

அவனுக்கா கேட்கும்? விரலை நீட்டிக் காட்டினேன். அவன் வாய் நிறையச் சிரித்தான்.

"மத்தியானத்துலேர்ந்து ஒருத்தனும் வரல, கேப்டன். வந்தா எழுந்துக்கறேன். நான் என்ன மரமா?"

விறைப்பாக இருந்த ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தான். ஐஸ் பையை மடியில் வைத்துக்கொண்டான்.

என்னைச் சுற்றி இருந்த உள்ளூர்க்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். எழுந்தேன்...

பத்து மணி நாலு நிமிஷம். முதல் வாணம்.

'ட்டும்' என்று குழாயில் சத்தம். விசில். வானம் முழுக்க வெள்ளைப் பூ. எல்லாத் தலையும் மேலே போயிற்று. எனக்கு மட்டும் பழக்க தோஷம். நான் கீழே பார்த்துத் தலை எண்ணினேன்.

ஐந்து.

வெளிச்சம் அணைந்தது. மறுபடி பார்த்தேன். வெண்டல் மட்டும். பக்கத்தில் நாலு காலி நாற்காலி. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

'ட்டும்.' சிவப்பு.

ஐந்து. நாலு பேர் வெண்டல் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

இருட்டு. ஒன்று.

நான் இறங்க ஆரம்பித்தேன். போர்வைகளை மிதித்து, யாரோ ஒருவரின் தர்ப்பூசணியில் கால் வைத்து, அந்த வட்டத்துக்குள் நுழைந்தேன். உள்ளே புல் சூடாக இருந்தது. செருப்பைத் தாண்டிச் சுட்டது. வெடிமருந்து வாசனை. அதற்கடியில் வேறொரு வாசனை. முடி கருகுகிற வாசனை.

வெண்டல் இடது பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டு, பேசிக்கொண்டிருந்தான். காலி நாற்காலியோடு.

தோளைப் பிடித்துத் திருப்பினேன். கண் கலங்கியிருந்தது.

"அப்பாங்கறா, ஆர்லீட்டா."

அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

"எவ?"

என் உதட்டைப் படித்துச் சொன்னான். "இந்தப் பொண்ணு. எங்க போயிட்டப்பா, இவ்வளவு நேரமாங்கறா. ஐஸ் எங்கங்கறா. நல்லா கேக்குது."

காதுக் கருவி இரண்டும் என் சட்டைப்பையில் இருந்தன.

"எழுந்திரு!"

"இரு. ஐஸைக் குடுத்துட்டு வர்றேன். பாவம், தாகமா இருக்காளாம்."

'ட்டும்.' பச்சை.

இப்போது பக்கத்தில் பார்த்தேன். பதினாலு வயது இருக்கும். குதிரைவால் சடை. சடையின் நுனி எரிந்துகொண்டிருந்தது, ஊதுபத்தி மாதிரி. வெண்டலின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கட்டை விரல் இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு தெரிந்தது.

அவளுக்கு அப்பால் ஒரு பெண்மணி. பாதி முகம் அழகு. மறு பாதி இல்லை.

அதற்கும் அப்பால் இரண்டு பேர். அவர்களைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

இருட்டு.

இருட்டிலும் பிடி விடவில்லை. "சுடுது" என்றான் வெண்டல். பிறகு அலறினான். அவன் மணிக்கட்டில் புகை வந்தது.

இழுத்தேன். நான் தொண்ணூறு கிலோ. அசையவில்லை. நாற்காலியின் பட்டைகள் அவன் தொடையில் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக. கொடி மாதிரி. சதையில் இறங்கின. பேன்ட் கிழிந்தது. ரத்தம்.

'ட்டும். ட்டும்.' மஞ்சள்.

நாலு பேரும் அவன்மேல் இருந்தார்கள். எட்டுக் கை... இல்லை, ஏழு. ஒருவன் கழுத்தை வளைத்திருந்தான். பாதி முகத்துக்காரி அவன் தலையைத் தன் பக்கம் அழுத்திக்கொண்டிருந்தாள், அன்பாக. அவன் தலைமயிர் பற்றிக்கொண்டது.

வட்டத்தின் விளிம்பில் கிடந்த, சோளம் சுடுகிற எவனோ ஒருவனுடைய இரும்பு இடுக்கியை எடுத்து வீசினேன். கழுத்தை வளைத்தவன் மண்டைக்குள் அது போயிற்று. ஒரு தடையும் இல்லாமல் போயிற்று. மறுபக்கம் வந்து வெண்டலின் மூக்கை உடைத்தது.

மூக்கு மட்டும் என் கைவேலை. மற்றதெல்லாம் அவர்களுடையது.

மறுபடி இழுத்தேன். 'மளுக்.' அவன் தோள் கழன்றது. கை நீண்டது. அவர்கள் விடவில்லை.

மேலே கைதட்டல். விசில். ஐந்தாறு ஆயிரம் பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உதவுங்க!" என்று கத்தினேன். வெடிச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அப்போது ஆற்றைப் பார்த்தேன்.

மணல் திட்டில் ஒரு குழாய் சாய்ந்தது.

மெதுவாக. எங்களைப் பார்த்து.

அங்கே நின்ற தீயணைப்பு ஆட்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அந்த நாலு பேருக்கும் தெரிந்தது. அவர்கள் வாயைத் திறந்தார்கள்.

'ட்டும்.'

மேலே போகவில்லை. தண்ணீரை ஒட்டி வந்தது. கொதிக்கிற ஒரு தர்ப்பூசணி. நேராக வந்தது.

வெண்டல் என்னைப் பார்த்தான்.

"ஓடு, கேப்டன்."

எனக்கு யோசனை ஒன்றும் வரவில்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கம்தான் வந்தது. நிமிர்ந்தேன். இடுப்பில் கை வைத்தேன். வயிற்றுக்கு அடியிலிருந்து அந்தக் குரலை எடுத்தேன்.

"அது அவன் சீட் இல்ல!"

வெடிச் சத்தம் நின்றதுபோல இருந்தது. நாலு முகமும் என் பக்கம் திரும்பின. முகம் இல்லாதவையும்.

"யாரு சீட்டு அது? யாரு சீட்டோ அவனப் போய்க் கூட்டிட்டு வாங்க! இப்பவே! எழுந்திருங்க!"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். என் பஸ் பிள்ளைகள் பார்ப்பதுபோலவே. கீழுதடு பிதுங்கியது.

கையை விட்டாள்.

ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். வரிசையில்.

வந்துகொண்டிருந்த நெருப்பு என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் அணைந்தது. அன்று போன என் புருவம் இன்னும் சரியாக முளைக்கவில்லை.

கடைசி வெடி. வானம் பகலாயிற்று. அந்த வெளிச்சத்தில் நாலு பேரும் சரிவில் ஏறிக் கூட்டத்தின் நடுவே போனார்கள். அவர்கள் தாண்டிய இடத்திலெல்லாம் கைக்குழந்தைகள் வீறிட்டன. முகாம் இருக்கிற திசையில் போனார்கள்.

இருட்டு.

வெண்டல் புல்லில் கிடந்தான். மூச்சு இருந்தது. ஐந்து நாற்காலியும் காலி. ஐந்தின் பட்டையும் விறைப்பாக.

முதலுதவிக் கூடாரத்தில் தோளை ஏற்றினார்கள். தொடையில் பதினேழு தையல். யாரோ கைவெடியை வீசிவிட்டார்கள் என்று அவர்களாகவே முடிவுகட்டினார்கள். நானும் தலையாட்டினேன். வெல்டா தன் வண்டியில் எங்களை முகாமில் கொண்டுவந்து விட்டாள். ஐஸ் பை ஞாபகம் வந்தது. அங்கேயே விட்டிருப்பேன். போனால் போகிறது.

ஹார்லனின் ட்ரெய்லரைத் தாண்டித்தான் எங்கள் இடம். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு. பேச்சுக் குரல். நாலைந்து பேர். ஒரு சின்னப் பெண் கலகலவென்று சிரித்தாள். கண்ணாடித் தம்ளரில் ஐஸ் உரசுகிற சத்தம்.

பரவாயில்லை, பாவம், தனியாக இருப்பார் என்று நினைத்தோம், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷப்பட்டேன்.

காலையில் கதவைத் தட்டியது வெல்டா. கண் வீங்கியிருந்தது.

"ஹார்லன் போயிட்டாரும்மா."

"எங்க?"

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் சொன்னாள். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன் இதே ஜூலை நான்கு. ஹார்லன் குடும்பம் கரையில் முன்வரிசை. மனைவி, தம்பி, தம்பி மனைவி, ஒரே மகள். ஐந்து நாற்காலி.

"வேடிக்கை ஆரம்பிக்கப் போகுது. அந்தப் பொண்ணு தாகமா இருக்குன்னா. இவரு ஐஸ் வாங்கப் போனாரு. போன நேரத்துலதான் குழாய் சாஞ்சுது. ஐஸோட ஓடி வந்தவரு நெருப்புக்குள்ள கைய விட்டு இழுத்தாரு. ஒருத்தரையும் காப்பாத்த முடியல. அதுலதான் காது போச்சு." மூக்கை உறிஞ்சினாள். "அந்த நாற்காலியப் பத்தி நேத்து கேட்டீங்களே, நான் பொய் சொல்லல. யாரு போடறாங்கன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நாங்க கேக்கறதில்ல, தொடறதில்ல. அவ்வளவுதான்."

அந்த இடத்திலிருந்து கரை தெரியும். எட்டிப் பார்த்தேன். வட்டமாக வெறும் புல். நடுவில் ஒரு பந்து. நாற்காலி ஒன்றுகூட இல்லை.

"ஹார்லன் எப்படி...?"

"கட்டில்மேல உக்காந்தபடியே இருந்தாராம். கதவு, ஜன்னல் எல்லாம் உள்பக்கம் தாழ்ப்பா. உள்ள ஒரு பொருள் கருகல. ஆனா அவரு தலைமுடி முழுக்கக் கருகியிருக்கு. முதுகிலயும் தொடையிலயும் பட்டை பட்டையா அச்சு, மடக்கு நாற்காலில ரொம்ப நேரம் உக்காந்தா விழுமே, அது மாதிரி. அவர்கிட்ட அப்படி நாற்காலியே கிடையாது."

யார் சீட்டோ அவனைக் கூட்டிவாருங்கள் என்றுதான் நான் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

"இன்னொண்ணும்மா. அதுதான் போலீஸ்காரருக்கே புரியல. மடியில ஐஸ் பை ஒண்ணு. ராத்திரி பூரா அந்தப் புழுக்கத்துல, ஒரு கட்டிகூட உருகல. வாசல்ல ஐஸ் பெட்டி பூட்டினது பூட்டினபடி இருக்கு. எங்க போய் வாங்கினாரோ..." வெல்டா கண்ணைத் துடைத்தாள். "பை வாய பச்சை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்துது. பொம்பளப் பிள்ளைங்க முடிக்குப் போடுவாங்களே, வெள்ளைப் பூ வச்சு. பொண்ணு ஞாபகமா பத்திரமா வச்சிருந்தார் போலன்னு எல்லாரும் அழறாங்க."

என் கை தானாகத் தலைக்குப் போயிற்று. முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது.

அவள் போனதும் திமிங்கலத்தைக் கிளப்பினேன். பழக்க தோஷத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு தலை. வெண்டல் மட்டும், கட்டுப் போட்ட கையோடு, ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய காதுக் கருவிகள் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருந்தன. வெல்டா சொன்னதில் ஒரு சொல்கூட அவனுக்குக் கேட்டிருக்காது.

நெடுஞ்சாலை ஏறினதும் கேட்டான்.

"ஆர்லீட்டா, அந்தப் பொண்ணுக்கு அவ அப்பா கிடைச்சாரா?"

"கிடைச்சுட்டாரு" என்றேன், அவனுக்குக் கேட்கும்படி சத்தமாக.